வேட்டி வெளிச்சம்

பிரகாஷ்: என்னது... ரோலு சுத்தலையா?

ஜெபமணி: ஆமா தம்பி.

பிரகாஷ்: சுத்தலன்னா என்ன அர்த்தம்? போட்டோக்காரரு பாஷை எனக்குப் புரியல. வெளக்கமாச் சொல்லுங்க.

ஜெபமணி: காமிராவுக்குள்ள ஃபிலிம் ரோலை மாட்டுவோம்ல... அது பல்லுல சரியாப் பிடிக்கல. வழுக்கிருச்சு. நான் பாட்டுக்கு வெளிய நின்னு அமுக்கிக்கிட்டே இருந்திருக்கேன். உள்ள ஃபிலிமு இருந்த எடத்தை விட்டு நகரவே இல்ல.

பிரகாஷ்: அப்ப எங்க கல்யாணத்துல தாலி கட்டுற படம்?

ஜெபமணி: விழல.

பிரகாஷ்: மாலை மாத்துனது?

ஜெபமணி: விழல.

பிரகாஷ்: பெரியவுக கால்ல விழுந்தோமே?

ஜெபமணி: நீங்க விழுந்தீக. படம் விழல.

பிரகாஷ்: யோவ்! நீயெல்லாம் ஒரு போட்டோக்காரனாய்யா? போடி பஜார்ல ‘ஜெபமணி ஸ்டூடியோ’ன்னு யானை தண்டிக்குப் போர்டு வச்சிருக்கயே, அது எதுக்கு?

பேச்சி: ஐயோ, ஏங்க... சத்தம் போடாதீக. அண்ணே, நெசமாத்தான் சொல்றீகளா? ஒண்ணுகூடவா இல்ல?

ஜெபமணி: மொத நாள் பொண்ணழைப்பு இருக்கு தாயி. பந்தி இருக்கு. அந்த ஒரு ரோலுதான்...

பேச்சி: ஆத்தா... நான் என்ன பாவம் பண்ணேன்... தாலி கட்டுற படமே இல்லாம ஒரு கல்யாணமா...

பிரகாஷ்: பாத்தியா, பிள்ளையை அழ வச்சுட்ட! அந்த நேரம் பாத்துக் கரண்டும் போயி வீடியோக்காரன் லைட்டும் அணைஞ்சு போச்சு. உன்னைத்தானய்யா மலை மாதிரி நம்பியிருந்தோம்? அப்பா! அப்போவ்! உள்ள படுத்துக் கெடந்தது போதும், இங்கன வாங்க! தாலி கட்டுற படம் இல்லையாம்!

ஜெபமணி: தம்பி, அவுகளை ஏன் எழுப்புறீக... ஐயா, கும்பிடுறேன்யா. தப்பு எம்மேலதான்யா. ஆமாய்யா... தெரியும்யா... வெத்தலை பாக்குக் குடுத்து நீங்க நேர்ல வந்து கூப்பிட்டீக, மறக்கலைய்யா. மறுபடியும் எடுத்துத் தந்துர்றேன். கூலின்னு ஒண்ணும் வேண்டாம்யா.

பிரகாஷ்: கேட்டீகளா? தாலிப் படம் இல்லாத ஆல்பத்தை ஓடைப்பட்டியில ஒரு வீட்டுலயும் காட்ட முடியாதுன்றாரு எங்கப்பா. உடனே மறுபடி எடுக்கணுமாம்.

ஜெபமணி: எடுத்துருவோம்யா. ஆனா ஒண்ணு... தாலிப் படம்னா ரெண்டு பக்கத்துப் பெத்தவுகளும் பின்னாடி நிக்கணும். பொண்ணோட அப்பா இல்லாம எடுத்தா பாக்குறவுக என்ன நினைப்பாக? ஐயா... ஐயா, கோவிச்சுக்கிட்டுப் போறீகளே...

பேச்சி: மாமா கொல்லைப் பக்கம் போயிட்டாக. எங்கப்பா பேரைச் சொன்னாலே அப்படித்தான் போவாக. நீங்க உக்காருங்கண்ணே, காப்பி போட்டுட்டு வர்றேன்.

பிரகாஷ்: இந்தாளுக்குக் காப்பி வேறயா?

பேச்சி: வாசல் தேடி வந்தவுகளுக்கு மொகத்தைச் சுழிக்கக் கூடாதுங்க. வர்றேன்.

பிரகாஷ்: ...போயிட்டாளா?

ஜெபமணி: அடுப்படிக்குள்ள போயிட்டாக.

பிரகாஷ்: அண்ணே... ரொம்பத் திட்டிட்டேனா?

ஜெபமணி: அந்த ‘யோவ்’ மட்டும் கொஞ்சம் நெசம் மாதிரியே இருந்துச்சு தம்பி.

பிரகாஷ்: மன்னிச்சிருங்கண்ணே. அப்பா நம்பணும்ல. போன திங்கக்கெழம உங்க கடையில வந்து கேட்டேன், யோசிச்சுச் சொல்றேன்னீக, இந்தா வந்து நிக்கிறீக. எடுத்த படத்தை எடுக்கலன்னு சொல்லித் தன் பேரைத் தானே கெடுத்துக்க எவனுக்கண்ணே மனசு வரும்?

ஜெபமணி: ம்...

பிரகாஷ்: வேற வழி தெரியலண்ணே. ஆடி பொறக்கப் போகுது. புதுப் பொண்ணை அவ அப்பா வந்து அழைச்சிட்டுப் போகணும். அவரு என்னடான்னா ‘வீரபாண்டி வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்’னு மயிலாடும்பாறையில சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாரு. எங்கப்பா என்னடான்னா ‘ராக்கப்பன் நேர்ல வந்து கூப்பிடாம மருமகளை அனுப்ப மாட்டேன்’றாரு. நடுவுல இவ கெடந்து வாடுறா. சோத்துல பாதியை வச்சுட்டு எந்திரிச்சிடுறா. கேட்டா வயிறு மந்தம்னு சொல்றா.

ஜெபமணி: எல்லாம் ஒரு திராட்சையால வந்தது.

பிரகாஷ்: ஒரே ஒரு பழம்ணே! நல்லா நினைச்சுப் பாருங்க. தாம்பூலப் பையில போட எங்கப்பா தோட்டத்துக் கொத்தை வெட்டிக் கொண்டாந்து வச்சிருக்காரு. நான் தாலியைக் கையில எடுக்குறேன். இவ அப்பா ஒரு பழத்தைப் பிச்சு வாயில போட்டு ‘தூ, புளிக்குது’ன்னு துப்புறாரு. இவ அப்பாவுக்கு முருங்கைத் தோட்டம்ல, எங்கப்பா சும்மா இருந்தாரா? ‘முருங்கைக்காய் சப்புற வாயிக்கு எட்டாத பழம் புளிக்கத்தான் செய்யும்’னுட்டாரு.

ஜெபமணி: அதுக்கப்பறம் பழம் பறந்துச்சு. ஒண்ணு என் லென்ஸுல வந்து விழுந்துச்சு.

பிரகாஷ்: நான் அந்தப் பக்கம் திரும்பி ரெண்டு பேரையும் மொறைச்சுக்கிட்டு இருக்கேன். கை மட்டும் இவ கழுத்துல. இவ தேம்பித் தேம்பி அழுவுறா. படத்துல எப்படிண்ணே இருக்கும்?

ஜெபமணி: காமிராக் கண்ணுல பாத்தப்போ... கழுத்தை நெரிக்கிற மாதிரி இருந்துச்சு.

பிரகாஷ்: அட கடவுளே! அந்தக் கண்றாவியை ஆயுசு முழுக்கவா வச்சுப் பாக்குறது? ரெண்டு கெழவனுகளையும் ஒரே எடத்துல நிறுத்தணும்னா மறுபடியும் ஒரு கல்யாணம் நடக்கணும். அதான் இந்த யோசனை. ஆனா பேச்சி காதுக்குப் போகக் கூடாது.

ஜெபமணி: ஏன் தம்பி?

பிரகாஷ்: ‘நம்ம கல்யாணப் படத்தையா இல்லன்னு சொல்லச் சொன்னீக’ன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல? மூச்சு விடாதீக. இருங்க, உங்களுக்கு ஒரு பெட்டி பழம் கட்டிட்டு வர்றேன்.

ஜெபமணி: அதெல்லாம் எதுக்கு தம்பி... தம்பி...

பேச்சி: அவுக எங்கண்ணே?

ஜெபமணி: பழம் கட்டப் போயிருக்காரு தாயி.

பேச்சி: இந்தாங்க காப்பி. பைய குடிங்க, சூடு. அண்ணே... நல்லா அழுதேனா?

ஜெபமணி: எனக்கே கண்ணு கலங்கிருச்சு ஆத்தா.

பேச்சி: நீங்க தெருமுனையில வரும்போதே பாத்துட்டேன். ஓடிப் போயி ரெண்டு வெங்காயத்தை உரிச்சு மோந்துட்டுத்தான் வந்து நின்னேன்.

ஜெபமணி: அதான் மூக்கு அப்படிச் செவந்திருந்துச்சா?

பேச்சி: போடியில சித்திக்கு ஒடம்பு முடியலன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு செவ்வாக்கெழம உங்க கடைக்கு வந்து, தாலிப் படம் விழலன்னு சொல்லச் சொல்லிக் கேட்டேன்ல, அப்ப இருந்தே நெஞ்சு படக்கு படக்குன்னு அடிக்குது. நீங்க மாட்டேன்னு பின்வாங்கிருவீகளோன்னு.

ஜெபமணி: நான் எங்க தாயி பின்வாங்க...

பேச்சி: அவுகளுக்காகத்தாண்ணே பண்றேன். ‘பேச்சியை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்’னு தெனமும் மாமாகிட்டக் கேக்குறாக, தெனமும் வாங்கிக் கட்டிக்கிறாக. எம் முன்னாடி வந்து பல்லைக் காட்டிச் சிரிக்கிறாக. அதைப் பாக்கத்தான் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

ஜெபமணி: நல்ல பிள்ளைக ரெண்டு பேரும்.

பேச்சி: அவுககிட்டச் சொல்லிராதீக. மனசு ஒடஞ்சிருவாக. அந்தப் படம்... வேற யாரு கண்ணுலயும் பட்டுறாதுல்ல?

ஜெபமணி: யாரு கண்ணுலயும் அம்புடாது தாயி. அதுக்கு நான் பொறுப்பு.

பேச்சி: உங்களுக்குத்தான் வீண் கெட்ட பேரு. ஊரே ஏசும். மாரியாத்தாகிட்ட உங்களுக்கும் சேத்து வேண்டியிருக்கேன். உங்க சாமி கோவிச்சுக்காதுல்ல?

ஜெபமணி: கோவிச்சுக்காது. இந்த விசயத்துல எத்தன சாமி வந்தாலும் எனக்குத் தேவைதான்.

பேச்சி: ஏண்ணே இப்படி வேர்க்குது உங்களுக்கு?

ஜெபமணி: காப்பி சூடு.

பேச்சி: இன்னொண்ணு. எங்கப்பா சத்தியம் பண்ணது வாசலுக்குத்தான். தோட்டத்துக்கு இல்ல. திராட்சைப் பந்தலுக்கு ஏது வாசலு? அங்கனதான் வெளிச்சம் நல்லாருக்கும்னு நீங்களே ஒரு போடு போட்டுருங்க.

ஜெபமணி: போட வேண்டியதில்ல தாயி, அது நெசந்தான். சாயங்கால வெயிலு பந்தல் ஓரத்துல விழுந்தா அதுக்கு மேல ஒரு ஸ்டூடியோ கிடையாது. உங்கப்பாவை நான் போயிக் கூட்டியாறேன்.

*

பிரகாஷ்: அண்ணே, இன்னும் எம்புட்டு நேரம்? பட்டு வேட்டி கசகசங்குது.

ஜெபமணி: இருங்க தம்பி. வெயிலு இன்னும் கொஞ்சம் சாயட்டும். தாயி, அந்தப் பந்தக்கால் ஓரமா வந்து நில்லுங்க. உள்ள போகாதீக.

பேச்சி: உள்ளதாண்ணே அழகா இருக்கு. எலை வழியா வெயிலு காசு காசா விழுதே.

ஜெபமணி: கண்ணுக்கு அழகு. படத்துல மூஞ்சி பூரா தேமலாட்டம் தெரியும். அதோட எலைப் பச்சை கன்னத்துல அடிக்கும். மஞ்சக்காமாலை வந்தவுகளுக்குக் கல்யாணம் பண்ணி வச்ச மாதிரி இருக்கும்.

பிரகாஷ்: அண்ணே, அந்தக் குமிழை எத்தன தடவைதான் தொட்டுத் தொட்டுப் பாப்பீக?

ஜெபமணி: இழுக்குறப்ப இது சுத்துனாத்தான் உள்ள ஃபிலிமு ஓடுதுன்னு அர்த்தம். சுத்துது... ம், சுத்துது. சுத்துதுல்ல தம்பி? நீங்களும் பாருங்க.

பிரகாஷ்: சுத்துதுண்ணே. காதைக் குடுங்க... அப்பா தூரத்துலதான் நிக்கிறாரு. இம்புட்டு நடிப்புத் தேவையில்ல.

ஜெபமணி: பழகிருச்சு தம்பி.

பேச்சி: என்ன ரெண்டு பேரும் குசுகுசுங்கிறீக?

பிரகாஷ்: ஒண்ணுமில்ல. சிங்கப்பூர்ல ஃபிலிமே இல்லாத காமிரா வந்திருச்சாம். படம் விழுந்துச்சா இல்லையான்னு எடுத்த எடத்துலயே பாத்துக்கலாமாம். அண்ணன் ஒண்ணு வாங்கலாம்லன்னு கேட்டேன்.

ஜெபமணி: வரட்டும். வந்தா மொத ஆளா நாந்தான் வாங்குவேன்.

பேச்சி: எங்கப்பாகிட்ட என்னண்ணே சொன்னீக? இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டாகளே.

ஜெபமணி: ‘நாளைக்குப் பேரன் பொறந்து, தாலி கட்டுறப்ப தாத்தா எங்க போயிருந்தாருன்னு கேட்டா என்னய்யா சொல்லுவீக’ன்னு கேட்டேன். உடனே செருப்பை மாட்டிட்டாரு.

பிரகாஷ்: வந்தும் என்ன புண்ணியம்? பந்தலுக்கு அந்தக் கோடியில அவரு, இந்தக் கோடியில இவரு. ரெண்டு பேரும் எலையில பூச்சி இருக்கான்னு பாக்குறாக.

பேச்சி: அண்ணே, வெயிலு சாயுற வரைக்கும் ஒண்ணு கேக்கட்டா? இம்புட்டுப் பாடுபடுற இந்தத் தொழிலுக்கு நீங்க எப்படி வந்தீக?

ஜெபமணி: எங்கப்பாவுக்கு போடியில ஏலக்காய்க் கடை. ஏலக்காய் தரம் பிரிக்கப் பத்துப் பதினஞ்சு பொம்பளைக வரிசையா உக்காந்திருப்பாக. மேல ஒரு கண்ணாடி ஓடு. அது வழியா ஒரு கட்டு வெயிலு எறங்கும்.

பிரகாஷ்: அதுல ஒரு பொண்ணைப் பாத்தீக. கதை புரிஞ்சு போச்சு.

பேச்சி: சும்மா இருங்க, அவுக சொல்லட்டும்.

ஜெபமணி: பாத்தது நெசந்தான் தம்பி. சுருளியம்மாள்னு ஒரு அக்கா. வயசு எங்கம்மாவைவிட ரெண்டு கூட இருக்கும். பல்லு கொஞ்சம் எடுப்பு. சிரிப்பு வந்தா கையை வச்சு வாயை மூடிக்கும். ஆனா கை மேல வர்றதுக்கு முந்தி ஒரு சின்ன நேரம் இருக்கு பாருங்க... கண்ணு சிமிட்டுற நேரம்... அந்த வெயில்ல அந்தச் சிரிப்பு... அம்புட்டு அழகு. ‘எனக்கு அழகில்ல’ன்னு நினைச்சு அந்தக்கா அதை மூடிடும். எனக்கு ஆத்திரமா வரும். இதைப் பிடிச்சு அந்தக்கா கையில குடுத்துரணும்னு தோணுச்சு. காமிராவைத் தூக்குனது அதுக்குத்தான்.

பேச்சி: பிடிச்சுக் குடுத்தீகளா?

ஜெபமணி: காமிரா வாங்குறதுக்குள்ள அந்தக்கா மகன் வீட்டுக்கு வண்டன்மேடு போயிருச்சு. அதுக்கப்பறம் யாரைப் பாத்தாலும் அந்தக் கை வர்றதுக்கு முந்தின நேரத்தைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். கிடைக்கிறப்ப உள்ளங்கால் வரைக்கும் ஜில்லுங்கும்.

பிரகாஷ்: எனக்கும் திராட்சை மொத நெறம் மாறுறப்ப அப்படித்தாண்ணே இருக்கும்.

ஜெபமணி: அதேதான்! சரி, சாஞ்சிருச்சு, சாஞ்சிருச்சு. நில்லுங்க. மேற்க மலை நிழல் எறங்குறதுக்குள்ள முடிக்கணும். தம்பி, பின்னாடி கையைக் கொண்டு போங்க.

பேச்சி: கழுத்துல கெடக்குற தாலியைக் கழத்த மாட்டேண்ணே.

ஜெபமணி: கழத்த வேண்டாம் ஆத்தா. முடிச்சு போடுற மாதிரி கையை வச்சாப் போதும். ம்... ஐயையோ, இது சரிப்படாது. வெயிலு முதுகுப் பக்கம். மொகம் இருட்டா இருக்கு. வெள்ளையா எதாச்சும் வேணும், வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அடிக்க.

பிரகாஷ்: மோட்டார் ரூம்ல அப்பாவோட எட்டு முழ வேட்டி ஒண்ணு காயுது.

ஜெபமணி: எடுத்தாங்க. ரெண்டு முனையையும் ஆளுக்கொருத்தர் இழுத்துப் பிடிக்கணும்.

பிரகாஷ்: இந்தாங்க. தோட்டத்து ஆளுக ரெண்டு பேரைக் கூப்பிடவா?

ஜெபமணி: வேண்டாம். உங்க ரெண்டு பேரு அப்பாவும்தான் பிடிக்கணும்.

பேச்சி: அண்ணே!

பிரகாஷ்: அண்ணே, வேட்டி ரெண்டாக் கிழிஞ்சிரும்!

ஜெபமணி: கிழிஞ்சா புதுசு எடுத்துத் தர்றேன். ஐயா! வீரபாண்டி ஐயா! ஒரு கை குடுங்க. ராக்கப்பன் ஐயா, நீங்க அந்த முனை. ஒருத்தரை ஒருத்தர் பாக்கணும்னு இல்லைய்யா. ஒரே ஒசரத்துல பிடிச்சாப் போதும். தொங்க விட்டா வெளிச்சம் செதறிரும். விறைப்பா... இன்னும் விறைப்பா...

பிரகாஷ்: பேச்சி, எங்கப்பா இழுக்குறாரு பாரு.

பேச்சி: எங்கப்பாவும் லேசுப்பட்டவுக இல்ல. கயிறு இழுக்குற போட்டி கணக்கா இருக்கு.

ஜெபமணி: பேசாதீக, மொகம் ஆடுது. ராக்கப்பன் ஐயா, உங்க பக்கம் ஏறிப்போச்சு. வீரபாண்டி ஐயா, உங்க பக்கம் எறங்கிப்போச்சு. நான் சொன்னாக் கேக்காது. நீங்களே பேசிச் சரி பண்ணிக்கங்கய்யா. எனக்கு இங்கன சோலி இருக்கு.

பேச்சி: பேசுவாகளா?

பிரகாஷ்: எங்க பேச? ஒருத்தரு மேகத்தைப் பாக்குறாரு, ஒருத்தரு மண்ணைப் பாக்குறாரு.

ஜெபமணி: மலை நிழல் வாய்க்காலைத் தாண்டிருச்சு. வெரசா...

பேச்சி: மாரியாத்தா... இன்னைக்கு விட்டா ஆடி பொறந்துரும். அப்பறம் எப்ப நான் எங்கம்மா மொகத்தைப் பாக்குறது...

பிரகாஷ்: அழுவாத பேச்சி. இரு... இரு, வாய் அசையுது!

பேச்சி: யாருக்கு?

பிரகாஷ்: உங்கப்பாவுக்கு!

பேச்சி: என்ன சொன்னாக? எனக்குக் கேக்கல.

ஜெபமணி: எனக்குக் கேட்டுச்சு தாயி. ‘சம்மந்தி, கொஞ்சம் தூக்கிப் பிடிங்க’ன்னாரு.

பேச்சி: சம்மந்தின்னா? சம்மந்தின்னா சொன்னாக?

ஜெபமணி: சத்தியமா.

பிரகாஷ்: அந்தா, எங்கப்பா தூக்குறாரு! ஏ பேச்சி, உன் மொகத்துல வெளிச்சம் வந்துருச்சு!

ஜெபமணி: ஆடாதீக, ஆடாதீக... குமிழ் சுத்துது... ஒண்ணு எடுத்தாச்சு. இன்னொண்ணு.

பேச்சி: ஏங்க, அங்கன பாருங்க. கொத்து ஒண்ணு எங்கப்பா மூக்குல இடிக்குது. கையை விட முடியாம தலையைத் தலையை ஆட்டுறாக.

பிரகாஷ்: எங்கப்பா என்னமோ சொல்றாரு.

ஜெபமணி: ‘கையைத்தான கட்டிப் போட்டிருக்கு, வாயையுமா’ன்றாரு.

பேச்சி: ஐயையோ... வாயால கடிச்சுட்டாக!

பிரகாஷ்: துப்பிருவாரோ?

பேச்சி: துப்பக் கூடாது... அப்பா, துப்பிராதப்பா...

பிரகாஷ்: மெல்லுறாரு.

பேச்சி: கண்ணை மூடிட்டாக.

பிரகாஷ்: இன்னும் மெல்லுறாரு... ஒரு பழத்தை இம்புட்டு நேரமா மெல்லுவாக?

பேச்சி: முழுங்கிட்டாக! முழுங்கிட்டாக! அண்ணே, என்ன சொல்றாக?

ஜெபமணி: ‘அன்னைக்குப் பழுக்காத கொத்தை வெட்டிட்டீக போல’ன்றாரு.

பிரகாஷ்: போச்சு! அப்பா என்ன சொன்னாரு?

ஜெபமணி: இருங்க... ‘ஆமா சம்மந்தி, கல்யாண அவசரத்துல வெட்டுனது. இது கொடியிலேயே பழுத்தது. இன்னொண்ணு கடிங்க’ன்றாரு.

பேச்சி: ஐயோ, மறுபடியும் கடிக்கிறாக! தாடியெல்லாம் சாறு ஒழுகுது! ஏங்க, எங்கப்பாவைப் பாருங்களேன்...

பிரகாஷ்: எங்கப்பா சிரிக்கிறாருடி! நான் இவரு கடைவாய்ப் பல்லைப் பாத்ததே இல்ல!

ஜெபமணி: அப்படியே இருங்க ரெண்டு பேரும்! தாயி, கையைத் தூக்காதீக. வாயை மூடாதீக... அம்புட்டுத்தான். விழுந்துருச்சு. ஆண்டவரே... விழுந்துருச்சு!

*

பேச்சி: எங்கப்பாவும் மாமாவும் நம்ம பின்னாடி சேந்து நின்ன படமும் எடுத்தாச்சு, எங்கப்பா பஸ்ஸும் ஏறிட்டாக. ஆடி ஒண்ணாந்தேதி அழைக்க வர்றாகளாம்.

பிரகாஷ்: வாசலை மிதிக்க மாட்டேன்னு சூடம் அணைச்சாரே?

பேச்சி: அதையும் பேசி முடிச்சுட்டாக. ‘கொல்லை வழியா வாங்க சம்மந்தி, அதுக்குச் சத்தியம் கெடையாது’ன்னு மாமா சொல்லிட்டாக.

பிரகாஷ்: ஏ பேச்சி, இப்பத்தான் நீ நல்லா மூச்சு விடுற. பாக்க எம்புட்டுச் சந்தோசமா இருக்கு தெரியுமா?

பேச்சி: உங்களுக்கும் மொகம் தெளிஞ்சிருக்கு. அதுதான் எனக்குச் சந்தோசம்.

ஜெபமணி: அப்ப நான் கெளம்புறேன் தம்பி. பஸ்ஸு போயிரும்.

பிரகாஷ்: இருங்கண்ணே. பேச்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

பேச்சி: நானும் ஒண்ணு சொல்லணும். நீங்களும் கோவிக்கக் கூடாது.

ஜெபமணி: தம்பி, நான் போன பெறகு சொல்லிக்கங்களேன்...

பிரகாஷ்: ரோலு சுத்தலன்னு அண்ணன் சொன்னது பொய்யி. நாந்தான் கடைக்குப் போயி அப்படிச் சொல்லச் சொன்னேன்.

பேச்சி: நீங்களா? நானில்ல சொல்லச் சொன்னேன்!

பிரகாஷ்: நீ எப்ப போன?

பேச்சி: செவ்வாக்கெழம. சித்திக்கு ஒடம்பு முடியலன்னு...

பிரகாஷ்: அடிப்பாவி! நான் திங்கக்கெழமயே போயிட்டேன்!

பேச்சி: அப்ப நீங்க யோவ்னு வஞ்சது?

பிரகாஷ்: நடிப்பு. நீ அழுதது?

பேச்சி: வெங்காயம்.

பிரகாஷ்: எனக்காகவா பேச்சி?

பேச்சி: பெறகு யாருக்காக? நீங்க?

பிரகாஷ்: உனக்காகத்தான். நீ பாதிச் சோத்தோட எந்திரிக்கிறதைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியல.

பேச்சி: அண்ணே... ரெண்டு பேரு ரகசியத்தையும் மனசுல பூட்டி வச்சுக்கிட்டு, எங்களுக்காக மாமாகிட்ட ஏச்சு வாங்கி... நீங்க மனுசரே இல்லண்ணே.

பிரகாஷ்: தெய்வம்ணே நீங்க. நாளைக்கே ஊரு பூரா சொல்றேன். தொழில்ல ஒரு தப்பும் பண்ணாத மனுசன், எங்களுக்காகப் பழியை ஏத்துக்கிட்டாருன்னு.

ஜெபமணி: வேண்டாம் தம்பி! ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம்.

பேச்சி: பெரிய மனுசங்க இப்படித்தான் கூச்சப்படுவாக. சரிண்ணே, இப்பத்தான் எல்லாம் சரியாப் போச்சே. அந்தப் பழைய தாலிப் படத்தை ஒரே ஒரு தடவை காட்டுங்க. இவுக என் கழுத்தை நெரிக்கிறதைப் பாத்து வயிறு வலிக்கச் சிரிக்கணும்.

பிரகாஷ்: ஆமாண்ணே, எனக்கும் பாக்கணும். எரிச்சிடலையே?

ஜெபமணி: எரிக்கல...

பேச்சி: அப்ப கடையில இருக்கா?

ஜெபமணி: கடையில இல்ல...

பிரகாஷ்: பின்ன எங்கண்ணே இருக்கு?

ஜெபமணி: எங்கயுமே இல்ல தம்பி. பழம் பறந்த களேபரத்துல அவசரமா மாத்துன ரோலு... நெசமாவே சுத்தல. கல்யாணத்தன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சு போச்சு. உங்க மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு எனக்கும் சோறு எறங்கல. போன திங்கக்கெழம, ஆனது ஆகட்டும்னு சட்டையை மாட்டிக்கிட்டு உங்க ஊருக்குக் கெளம்புறேன், தம்பி படியேறி வந்து ‘ரோலு சுத்தலன்னு ஒரு பொய்யி சொல்வீகளாண்ணே’ன்னு கையைப் பிடிச்சுக் கேக்குறாரு. மறுநா நீங்களும் வந்து அதையே கேக்குறீக. நான் உங்ககிட்டச் சொன்னதுல பொய்யின்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான் தாயி. உடனே சரின்னா சந்தேகம் வந்துரும்னு, ரெண்டு பேருகிட்டயும் ‘யோசிச்சுச் சொல்றேன்’னேன் பாருங்க, அதுதான்.